கொசுவத்தோடு அளந்த தோட்டா

எங்கள் ஊர்ப் பட்டுக் கடைக்காரர்கள் கோயிலுக்கு வந்தவரை வழியிலேயே மறித்து, கும்பிடு போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, ஒரு முகூர்த்தப் புடவையைத் தலையில் கட்டித்தான் அனுப்புவார்கள். கல்யாணமே நிச்சயமாகாதவர்கள்கூட அவர்களிடம் தப்பியதில்லை. அதே காஞ்சிபுரத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், தானாக வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதையே தொழிலாக நடத்திக்கொண்டு ஒரு கடை இருந்தது. துப்பாக்கியும் தோட்டாவும் விற்கும் கடை. 'விற்கும்' என்பது பலகையில் எழுதியிருந்தது.

கடைக்கு உரிமையாளர் ஓர் அம்மாள். ஊர் அவரைத் தோட்டாக்காரம்மா என்றது. சொந்தப் பெயர் சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸில் இருந்தது. அதைப் படித்து முடிக்கும்வரை யாரும் கடையில் நின்றதில்லை. பட்டு ஊரில் பிறந்து, பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்து, வாழ்நாள் முழுக்க நூல் புடவையே கட்டியவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அந்தப் பக்கம் மட்டும் ஜரிகை நூலால் கட்டியிருக்கும். அவரிடம் இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான்.

கடையில் நடக்கும் பேச்சு எப்போதும் ஒன்றுதான். வருகிறவர் பன்னிரண்டாம் நம்பர் தோட்டா ஒரு பெட்டி கேட்பார். துப்பாக்கி எங்கே என்று அம்மாள் கேட்பார். வீட்டில் இருக்கிறது என்பார் வந்தவர். அப்படியானால் தோட்டாவும் கடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அம்மாள் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். சிலர் விடமாட்டார்கள். கடையில் ஆம்பளைங்க யாரும் இல்லையா என்று எட்டிப் பார்ப்பார்கள்.

"இருக்காரே. சுவத்துல மாலை போட்டு மாட்டி வச்சிக்கிறேன். கேட்டுப் பாருங்க."

மாலைக்குள் இருந்தவர் அவருடைய கணவர். போலீஸில் துப்பாக்கி பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றதும் கடையைத் திறந்தவர். அவர் கையில் தோட்டா வெடித்து மூன்று விரல் போனதாகவும், அதனால்தான் அம்மாளுக்கு இந்தப் பிடிவாதம் வந்ததாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் நானே துணிந்து கேட்டேன். "பத்து வெரலும் இருந்துச்சுப்பா. மஞ்சக்காமாலையில போனாரு" என்றார். சந்தேகம் இருந்தால் எண்ணிக்கொள்ளட்டும் என்று போட்டோவைக் கைகாட்டினார். எண்ணினேன். பத்து.

துப்பாக்கியைக் கொண்டுவந்தவர்களின் பாடு அதைவிட மோசம். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மரக்குச்சியை எடுப்பார். தறி நாடாவுக்குள் நூல் சுற்றி வைப்பார்களே, தார்க்குச்சி, அதைக் கடைந்து கொடுக்கும் கடைசல்காரரிடமே சொல்லிச் செய்தது. ஆனால் நல்ல கட்டை விரல் பருமன். அதன் நடுவில் ஒரு சிவப்புக் கோடு. துப்பாக்கியை மடித்துத் திறந்து, குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறைக்குள் குச்சியை விடுவார். அந்த அறைக்கு அவர் வைத்திருந்த பெயர் 'ரூமு'. ரூமு முடிகிற இடத்தில் குழல் குறுகும். குச்சி அங்கே முட்டி நிற்கும். கோடு உள்ளே மறைந்தால் ரூமு புது அளவு, இரண்டே முக்கால் அங்குலம். கோட்டிலேயே நின்றால் பழைய அளவு, இரண்டரை. பழைய அளவுக்கு அவர் கடையில் பெரும்பாலும் தோட்டா இருக்காது. புது அளவுத் தோட்டா அடுக்கடுக்காக இருக்கும். அதைத் தரமாட்டார். அது பழைய ரூமுக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், துப்பாக்கியும் மூடும் என்பதை அவர் கண்ணெதிரே செய்து காட்டினாலும் தரமாட்டார்.

"நுழையறது வேற, பொருந்தறது வேற" என்பார். அவர் சொன்ன ஒரே வேதாந்தம் அது. பேச்சை அதோடு முடித்துக்கொள்வார்.

ஒரு வங்கியின் காவலாளி தன் ரெட்டைக்குழலைத் தூக்கிக்கொண்டு வந்தார். குச்சி கோட்டில் நின்றது. தோட்டா கிடையாது என்றார் அம்மாள். மானேஜரே நேரில் வந்து, பொதுமக்கள் பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டார். பணத்துக்கு ஒன்றும் ஆகாது, காவலாளிக்குத்தான் ஆகும் என்று பதில் கிடைத்தது. மூன்று மாதம் அந்த வங்கியை வெறும் துப்பாக்கி காத்தது. திருடர்களுக்கு அது தெரியாது. எங்களுக்கெல்லாம் தெரியும், காஞ்சிபுரத்துக்காரர்களின் நாணயத்துக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

பாலாற்றங்கரையில் கடலை போட்டிருந்த ஒருவர், காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் வந்தார். அவர் துப்பாக்கிக்குச் சரியான தோட்டா அன்றைக்கு அதிசயமாகக் கடையில் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்த பிறகு அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. தகர டின்னைத் தட்டிப் பார்த்தாரா என்று விசாரித்தார். வந்தவர் வயலுக்குப் போய்த் தட்டிப் பார்த்தார். பன்றிகள் ஓடின. தோட்டா அலமாரிக்குத் திரும்பியது. இப்படியும் ஒரு வியாபாரம்.

பக்கத்துத் தையல்காரர் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தபோது, பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தார். அம்மாள் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டே, பொண்ணு இப்பதானே உள்ளே நுழையுது, பொருந்திச்சான்னு பத்து வருஷம் கழிச்சு சொல்லு என்றார். தையல்காரர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ரவிக்கை தைக்கிறவருக்கே அது புரியவில்லை என்பதுதான் எனக்குச் சிரிப்பு.

சிரிக்க எனக்கு உரிமை இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பௌதிகத்தில் பி.எஸ்சி. தேறி, நாலு இடத்துக்கு மனுப் போட்டுவிட்டு, உலகத்தில் எனக்குத் தெரியாதது இனிமேல்தான் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்ற நிலையில் இருந்தேன். மெட்ராஸ் பழைய புத்தகக் கடைகளில் துப்பாக்கிக் கேட்டலாக்குகளாக வாங்கிக் குவித்திருந்தேன். ஒரு துப்பாக்கியாலும் சுட்டதில்லை; அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

திருமுக்கூடலில் என் தாய்மாமாவிடம் ஒரு ரெட்டைக்குழல் இருந்தது. எந்தத் துரையோ சீமைக்குக் கப்பல் ஏறும்போது தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. குழல் முழுக்க ஜரிகை ஓடினாற்போல் வரிவரியாக அழகு. மாமா அந்த வருடம் ஊராட்சித் தலைவராக ஜெயித்திருந்தார். பதவி ஏற்கும் அன்று, மாலை போட்டதும் வானத்தைப் பார்த்து ரெண்டு குழலையும் வெடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தோற்றவர் வீடு எதிரிலேயே இருந்ததால் ஆசை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. தோட்டாவுக்குப் பொறுப்பு நான். பி.எஸ்சி. தேறியதற்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டவர் அவர். இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

இரண்டு பேருமாகத் துப்பாக்கியைக் கோணியில் சுற்றிக்கொண்டு தோட்டாக்காரம்மாவிடம் போனோம். குச்சி கோட்டில் நின்றது. குழலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வரிகள் அழகுக்காக இல்லை, இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்து அடித்த தடம் என்றார். பழைய கரிமருந்துக்காகச் செய்த குழல், இந்தக் காலத்து மருந்தின் வேகத்துக்கு இல்லை. உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று, விஷயம் தெரிந்த ஒருவர் அளந்து பார்த்துச் சொல்லாமல், சரியான தோட்டாவே வந்தாலும் தரமாட்டேன் என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, எந்தக் கையால் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். வலது கை என்றார் மாமா.

"அப்போ கவலை இல்ல. வெடிச்சா போறது குழலுக்கு அடியில புடிச்சிக்கினு இருக்கிற எடது கைதான். சாப்பாட்டுக்குத் தொந்தரவு இருக்காது."

மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் களத்தில் இறங்கினேன். அலமாரியிலிருந்த புதுத் தோட்டா ஒன்றை வாங்கி, சட்டைப்பையில் இருந்த ஸ்கேலால் அளந்தேன். இரண்டேகால் அங்குலம், சொச்சம். இரண்டரை அங்குல அறைக்குள் இரண்டேகால் அங்குலப் பொருள் அடங்கும் என்பதற்கு நியூட்டன் வரவேண்டியதில்லை என்றேன். போட்டும் காட்டினேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

அம்மாள் தோட்டாவை உருவி அலமாரியில் வைத்தார். "ஊட்டுக்குப் போயி, பொடவைய எப்பிடி அளப்பாங்கன்னு உங்கம்மாவக் கேளு தம்பி" என்றார்.

பெண்பிள்ளைகள் சமாசாரத்தைப் பௌதிகத்தோடு ஒப்பிட்டதை அவமானமாக எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அம்மாவை நான் கேட்கவில்லை.

மாமாவின் லைசென்ஸ் புத்தகத்தையும் அவர் எழுதிக்கொடுத்த கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மெட்ராஸ் போனேன். அங்கே ஒரு கடையில் குச்சி, கோடு, சாப்பிடும் கை என்று எந்தக் கேள்வியும் இல்லை. நவநாகரிகம் என்றால் இதுதான் என்று பூரித்துப்போனேன். இருபத்தைந்து தோட்டா கொண்ட பெட்டி. பெட்டியின் மேல் நீளம் இரண்டே முக்கால் அங்குலம் என்று அச்சிட்டிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து அளந்தேன். இங்கேயும் இரண்டேகால் சொச்சம்தான். அச்சுக்கோத்தவரின் அஜாக்கிரதையை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு, பேனாவை எடுத்து, முக்காலை அடித்துக் கால் என்று திருத்தினேன். அடியில் என் இனிஷியலும் போட்டேன்.

பதவி ஏற்புக்கு முதல் நாள் பிற்பகல், மாமா ஏரிக்கரையில் இரண்டு தோட்டாவைச் சுட்டுப் பார்த்தார். சத்தம் பிரமாதம். தோளில் பலமாக இடித்ததாகச் சொன்னார். தலைவர் தோள் அதெல்லாம் தாங்கும் என்றேன். வேறு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் மாலை போட்டாக வேண்டும். காஞ்சிபுரத்தில் சொல்லிவைத்திருந்த ரோஜா மாலைகளை எடுத்துவரக் காலை முதல் பஸ்ஸில் நான் வந்தேன். வந்தவன் மாலைகளை எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் என் பையில் இரண்டு வெற்றுத் தோட்டாக் கூடுகள் இருந்தன. ஜெயித்தவனுக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? மாலைகளை வாங்கிக்கொண்டு சந்துக்குள் போய், கடையைத் திறந்துகொண்டிருந்த அம்மாளிடம், ரெண்டு வெடி, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி, கூடுகளை மேசைமேல் வைத்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கூடுகளின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார். காகித விளிம்பு நார்நாராகப் பிய்ந்திருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

அலமாரியிலிருந்து ஒரு புதுத் தோட்டாவை எடுத்து அதன் தலையை என் பக்கம் திருப்பினார். "இது இன்னாது?" என்றார். காகிதக் குழாயின் வாயை உள்பக்கமாக மடிப்பு மடிப்பாக மடித்து மூடியிருந்தது. மடிப்பு என்றேன்.

"கொசுவம். கொசுவத்தோட பொடவைய அளக்கிறவன் எவனாச்சும் இருக்கானா? வெடிக்கிறப்ப இது பிரிஞ்சி நீண்டுக்கும். பெட்டியில போட்டுக்கிறது பிரிஞ்ச நீளம். உன் மாமா துப்பாக்கியில பிரியறதுக்கு எடமில்ல. ரூமைத் தாண்டி கழுத்துல போயி அடைச்சிக்கிது. பின்னாடி நெருப்பு, முன்னாடி காயிதம் அடைச்ச கழுத்து. நடுவுல அம்பது அறுவது வருசத்து இரும்பு."

ஒன்றும் ஆகவில்லையே என்றேன்.

"ரெண்டு தாங்கிச்சி. எத்தினி தாங்கும்னு அதுக்கே தெரியாது. மிச்சம் எங்க?"

இருபத்துமூன்றும் மாமாவிடம் இருந்தன. இரண்டு இந்நேரம் துப்பாக்கிக்குள் இருக்கும். சொன்னேன். அவர் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் துழாவி ஒரு வெற்றுக் கூட்டைப் பொறுக்கி இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, கடையைப் பூட்டினார். வேலை நாளில் அந்தக் கடை பூட்டி நான் பார்த்தது அன்று மட்டுந்தான். நான் பஸ் நிலையத்துக்கு ஓட ஆரம்பித்தேன். அவர் நடந்தே வந்தார். மாலை ரெண்டும் உங்கிட்ட இருக்குது, நீ போகாம எப்பிடி ஆரம்பிப்பாங்க, மெதுவா போ என்றார். அதுவும் எனக்குத் தோன்றவில்லை.

திருமுக்கூடலில் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் பந்தல். மேளம். ஊரே இருந்தது, தோற்றவர் உட்பட. மாமா மேடையில் துப்பாக்கியோடு நின்றிருந்தார். அம்மாள் நேராக மேடை ஏறி, துப்பாக்கியைத் திறக்கச் சொன்னார். தலைவராகிவிட்டாலும் பெண்பிள்ளை அதட்டினால் செய்துவிடும் பழக்கம் மாமாவுக்கு இருந்தது, மாமி தயவு. திறந்தார். அம்மாள் உள்ளிருந்த ஒரு தோட்டாவை எடுத்துவிட்டு, சுருக்குப்பையிலிருந்த கூட்டைக் கொடுத்தார். சரியான துப்பாக்கியில் வெடித்து, மடிப்பு முழுக்கப் பிரிந்த கூடு. போட்டுப் பாருங்கள் என்றார். போட்டார். கால் அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அழுத்தினாலும் போகவில்லை.

இதற்குள் கூட்டம் முன்னால் நெருங்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் சிரித்தாற்போல் தெரிந்தது. தெரிந்ததோ இல்லையோ, மாமாவுக்கு அது போதும்.

"வெள்ளைக்காரன் பண்ணதும்மா இது. நேத்திக்கே ரெண்டு சுட்டேன். அவ்ளோ சீக்கிரம் ஒடஞ்சிடாது" என்று கூட்டைத் தட்டிவிட்டு, பெட்டியிலிருந்து வேறு தோட்டாவை எடுத்துப் போட்டு மூடினார்.

அம்மாள் வாதாடவில்லை. மைக்குக்கு எட்டும் குரலில், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"சரிங்க தலைவரே. தோட்டா வாங்கினது உங்க மருமவன். அளந்தது அவரு. பெட்டியில தப்பா போட்டுட்டாங்கன்னு நம்பரைத் திருத்தி கையெழுத்துப் போட்டதும் அவரு. மொத வெடி அவரே வெடிக்கட்டும்."

பெட்டி மேடையில்தான் இருந்தது, வந்ததுமே பார்த்துவிட்டிருக்கிறார். கூட்டத்துக்கு யோசனை பிடித்துப்போனது. யாரோ கை தட்டினார்கள். மாமாவுக்கும் பெருமைதான். "வா மாப்ள" என்று துப்பாக்கியை நீட்டினார்.

நான் மாலைகளை நாற்காலியில் வைத்தேன். ஒரு அடி எடுத்து வைத்தேன். அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"வாட்ச்ச மட்டும் கழட்டிக் குடுத்துடு தம்பி. மாமா ஆசையா வாங்கிக் குடுத்தது. அதாச்சும் மிஞ்சட்டும்."

என் இடது கை கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது. நான் போகச் சொல்லவில்லை. போனது எனக்குத் தெரியவும் இல்லை. மாமாவுக்குத் தெரிந்தது. அந்தப் பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் எப்போது அடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு துப்பாக்கியை மடித்தார், இரண்டு தோட்டாவையும் உருவி அம்மாள் கையில் வைத்தார், மைக்கைப் பிடித்தார்.

துப்பாக்கி வெடித்தால் கோயில் புறாக்கள் பயந்துவிடும் என்றும், வாயில்லா ஜீவன்களைப் பயமுறுத்தித் தம் ஆட்சியைத் தொடங்க விரும்பவில்லை என்றும் பேசினார். பந்தல் அதிர்ந்தது. அன்று வாங்கிய கைதட்டலில்தான் அடுத்த தடவையும் ஜெயித்தார் என்று இன்றுவரை சொல்கிறார்கள். புறாக்களுக்கு ஓட்டு இல்லாமல் போனது ஒன்றுதான் குறை.

துப்பாக்கியைப் பிறகு மெட்ராஸில் ஒருவரிடம் கொடுத்து அளந்தோம். வலது குழலில் ஓரிடத்தில் சுவர் அட்டை கனம்கூட இல்லை. மாமா அதைக் கூடத்துச் சுவரில் மாட்டி மாலையும் போட்டார். ஒரு கல்யாணத்துக்கு வந்த தோட்டாக்காரம்மா அதை அண்ணாந்து பார்த்து, "இப்பதான் பொருந்திக்கிது" என்றார்.

பிய்ந்த கூடுகள் இரண்டையும் அவர் எனக்குத் திருப்பித் தரவில்லை. மேசைமேல், மைக்குப்பிக்குப் பக்கத்தில், நிற்க வைத்திருந்தார். உள்ளே போகிறதே, அப்புறம் என்ன என்று எவராவது கேட்டால் அவற்றை நகர்த்திக் காட்டுவார். இது யார் சுட்டது என்று கேட்பார்கள். "பி.எஸ்சி. பௌதிகம்" என்பார். கேட்டவர் நான் நிற்பது தெரியாமல் உச்சுக்கொட்டுவார்.

மாமாவுக்கு என்மேல் கோபமில்லை. இப்போதும் எங்கே பார்த்தாலும், வா மாப்ள, அளந்து பாத்தியா என்று கேட்டு முதுகில் ஓங்கித் தட்டுவார், இடது கையால். ஐந்து விரலும் தனித்தனியாகப் பதியும்.